புலிகொல் யானையும் மனவரைபட மென்பொருளும்

கலைப்பீடம், மூன்றாம் வருடம்

1

நமது பல்கலைக்கழகச் சூழலில் அண்மைக் காலத்தே ஒரு புதிய பழக்கம் வேரூன்றியுள்ளது. விரிவுரை மண்டபத்திலும் நூலகத்திலும் எடுக்கப்படும் குறிப்புகள் வரிவரியாக எழுதப்படுவது குறைந்து வருகின்றது. கணனித் திரையின் நடுவே ஒரு வட்டம், அதிலிருந்து நாற்றிசையும் பரவும் கிளைகள், கிளைதோறும் ஓரிரு சொற்கள் என்ற வகையில் அவை வரையப்படுகின்றன. மனவரைபடம் என வழங்கும் இவற்றை வரைவதற்கெனப் பிறீமைண்ட், எக்ஸ்மைண்ட், மைண்ட்மனேஜர் முதலாய மென்பொருட்கள் பல உள. சில இலவசமானவை, சில டொலரிற் சந்தா கேட்பவை. பரீட்சை நெருங்கும் வாரங்களில் இவ்வரைபடக் கோப்புகள் வட்ஸ்அப் குழுக்கள் வழியே கைமாறுகின்றன. இவை சிந்தனையை ஒழுங்குபடுத்துவன, நினைவை வலுப்படுத்துவன, நவீனமானவை என்றெல்லாம் போற்றப்படுகின்றன. இப்போற்றுதலுக்கு மறுப்பாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஓர் ஐயத்தை முதலிலேயே நீக்கிவிடுதல் நன்று. கணனியை வெறுத்துப் பனையோலைக்குத் திரும்புக என்று கூறும் நோக்கம் எனக்கில்லை. இக்கட்டுரைக்கான முதற் குறிப்புகளே அத்தகைய மென்பொருள் ஒன்றிற் சேர்க்கப்பட்டவைதாம். எனது குற்றச்சாட்டு வேறு. இம்மென்பொருட்களுட் பெரும்பாலானவை கருத்துகளை ஒழுங்குபடுத்துவதாகக் கூறிக்கொண்டு, அக்கருத்துகளுக்கிடையேயுள்ள தொடர்பு யாது என்பதைக் கூறவேண்டிய கடமையிலிருந்து மாணவரை விடுவித்துவிடுகின்றன. தொடர்பைக் கூறாத ஒழுங்கு ஒழுங்காகாது; அது வெறும் அடுக்கு. அடுக்கினை ஒழுங்கென மயங்கும் மாணவர் தாம் சிந்தித்துவிட்டதாகவும் மயங்குவர். இம்மயக்கமே ஆபத்தானது.

2

இதனை நான் பிறரைப் பார்த்துக் கூறவில்லை. எனது சொந்தத் தவறொன்றிலிருந்தே கூறுகின்றேன்.

இரண்டாம் வருடத்தில் நாங்கள் அறுவர் சேர்ந்து இலங்கையின் நவீன வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு பொது வரைபடம் தயாரித்தோம். மடிக்கணனி என்னுடையது, ஆதலால் வரைந்தவனும் நானே. நடுவட்டத்தில் ‘டொனமூர்’ என்று இட்டேன். அதிலிருந்து ‘சர்வசன வாக்குரிமை’, ‘நிர்வாகக் குழுக்கள்’, ‘இனவாரிப் பிரதிநிதித்துவம்’, ‘பகிஷ்கரிப்பு’ எனக் கிளைகள் பிரிந்தன. ‘பகிஷ்கரிப்பு’ என்ற கணுவின் கீழ் ‘யாழ்ப்பாணம்’, ‘வாலிபர் காங்கிரஸ்’, ‘1931’, ‘நான்கு தொகுதிகள்’ என்று எழுதினேன். கிளைக்கொரு நிறம். நூற்றுக்கு மேற்பட்ட கணுக்கள். போட்டோப் பிரதிக் கடையிற் பெரிய தாளிற் பதித்து விடுதிச் சுவரில் ஒட்டியபோது, பாடம் முழுவதும் கைவந்துவிட்டது போன்றே இருந்தது.

கலந்துரையாடல் வகுப்பிலே அத்தாளை விரித்து வைத்தோம். விரிவுரையாளர் அதனைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு ‘டொனமூர்’ என்பதற்கும் ‘பகிஷ்கரிப்பு’ என்பதற்கும் இடைப்பட்ட சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, “தம்பி, இந்தக் கோடு என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு, மிஸ்” என்றேன்.

“அது எனக்கும் தெரியும். என்ன தொடர்பு?”

என்னிடம் விடையில்லை. ஏனைய ஐவரிடமும் இல்லை.

விடையின்மைக்குக் காரணம் தகவல் இன்மையன்று. டொனமூர் ஆணைக்குழு 1927இல் இலங்கைக்கு வந்தது. அதன் அறிக்கை 1928இல் வெளியாயிற்று. 1931இல் முதலாவது அரசாங்க சபைக்குத் தேர்தல் நடைபெற்றபோது யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. இவையனைத்தும் எங்கள் தாளில் இருந்தன. இல்லாதது ‘ஏன்’ என்பதே. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய வாலிபர் காங்கிரஸ், 1927இலே காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த அமைப்பு. சுயராச்சியம் என்ற கோரிக்கையை முன்வைத்தது. டொனமூர்த் திட்டம் தேசாதிபதிக்குப் பெரும் அதிகாரங்களை ஒதுக்கி வைத்துச் சுயராச்சியத்தை மறுத்தது என்பதனாலேயே பகிஷ்கரிப்பு எழுந்தது என்பது ஒரு விளக்கம். இனவாரிப் பிரதிநிதித்துவம் நீக்கப்பட்டதனால் எழுந்த அச்சமே பலரை அதன்பாற் சாரச் செய்தது என்பது மற்றொரு விளக்கம். முன்னைய விளக்கத்தின்படி டொனமூர்த் திட்டம் தந்தது போதாது. பின்னைய விளக்கத்தின்படி அது பறித்தது அதிகம். இவ்விரண்டும் ஒன்றல்ல. முதலாவதை ஏற்போமாயின் 1931ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து இளைஞர் நாட்டின் முற்போக்கு அணியின் முன்வரிசையில் நிற்பர். இரண்டாவதை ஏற்போமாயின் பின்வந்த இனவழி அரசியலின் வாயிலில் நிற்பர். வரலாற்று மாணவர் விவாதிக்க வேண்டிய வினா இதுவேயாகும். எனது சிவப்புக் கோடு அவ்வினாவின் மேலே அழகாக வரையப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் கூறவேண்டும். அந்நான்கு தொகுதிகளுக்கும் 1934இல் இடைத்தேர்தல் நடைபெற்றது. பகிஷ்கரிப்பு நீடிக்கவில்லை என்பதனைக் காட்டும் இத்தகவலும் எங்கள் கோப்பில் இருந்தது. ஆனால் தாள் நெருக்கமாகிவிட்டது என்று கருதி அக்கிளையை நான் மடித்து வைத்திருந்தேன். கிளைகளை மடித்து மறைக்கும் வசதி இம்மென்பொருட்களின் சிறப்பம்சங்களுள் ஒன்றாகக் கூறப்படுவது. எழுதும் கட்டுரையில் இடர்தரும் சான்றொன்றை விலக்குபவர், தாம் விலக்குவதை அறிந்தே விலக்குகின்றார். மடிப்பவருக்கோ தாம் எதனையும் விலக்கவில்லை என்ற நிம்மதி இருக்கின்றது.

3

இத்தவறுக்கு மென்பொருள் எவ்வாறு பொறுப்பாகும், வரைந்தவரின் சோம்பலன்றோ காரணம் என வினவுதல் கூடும். கருவி நடுநிலையானது, பயன்படுத்துவோரே பொறுப்பு என்ற இவ்வாதம் எந்தக் கருவியைப் பற்றியும் எளிதிற் கூறப்படுவது. ஆதலால் கருவியையே சற்று உற்று நோக்குவோம்.

இம்மென்பொருட்களில் ஒரு புதிய கணுவைச் சேர்ப்பதற்கு விசைப்பலகையில் முக்கியமான விசைகள் இரண்டு. ரப் விசையை அழுத்தினால் நிற்கும் கணுவின் கீழே ஒரு ‘பிள்ளை’ தோன்றும். என்ரர் விசையை அழுத்தினால் அதன் பக்கத்தே ஒரு ‘சகோதரம்’ தோன்றும். பிள்ளை, சகோதரம் என்பன நான் இட்ட பெயர்களல்ல. அம்மென்பொருட்களின் சொல்வழக்கே அது. இவ்விரு விசைகளாலும் முழு வரைபடமும் வளர்கின்றது. அஃதாவது, உலகில் உள்ள கருத்துகள் யாவும் ஒன்றுக்கொன்று பிள்ளையாகவோ சகோதரமாகவோதான் இருக்க முடியும் என்பது இக்கருவியின் அடிப்படைக் கொள்கை.

காரணத்துக்கு ஒரு விசை இல்லை. நிபந்தனைக்கு இல்லை. விதிவிலக்குக்கு இல்லை. ‘ஆயினும்’ என்பதற்கு இல்லை. ஒரு சான்று ஒரு கருத்தை நிறுவுகின்றதா, பலவீனப்படுத்துகின்றதா என்பதைக் காட்ட வழியில்லை; இரண்டும் ஒரே வகைக் கோட்டினால் ஒரே கணுவிற் தொங்கும். ஒரு கணுவுக்குத் தாய் ஒன்றே. நிலச் சொந்தம் என்பதைப் பொருளாதாரத்தின் கீழ் இட்டால் அது சாதியின் கீழே வராது. சாதியின் கீழ் இட்டால் சட்டத்தின் கீழே வராது. ஆனால் நமது சமுதாயத்தில் நிலச் சொந்தம் இம்மூன்றும் பின்னிக் கிடக்கும் இடமன்றோ? அவற்றைப் பிரிக்க இயலாமையே அதன் இயல்பு. குறுக்குக் கோடுகள் வரையலாமே என்பர். வரையலாம். ஆனால் அவை மரத்தின் உறுப்பல்ல; மரத்தின் மேல் எறிந்த கயிறுகள். பத்துக் குறுக்குக் கோடுகள் இட்டதும் படம் சிக்கலாகி, அழகு கெட்டு, வரைந்தவரே அவற்றை அழித்துவிடுவர். கருவி எதனை எளிதாக்குகின்றதோ அதனையே மாணவர் மிகுதியாகச் செய்வர். எதனைக் கடினமாக்குகின்றதோ அதனைக் கைவிடுவர். நடுநிலை என்பது இங்கில்லை.

4

சொல்லையும் சொல்லையும் பக்கத்திலே வைத்துவிட்டால் பொருள் தானே விளங்கும் என்ற நம்பிக்கை தமிழ் படித்தவர்க்குப் புதியதன்று. அந்நம்பிக்கையின் எல்லையும் புதியதன்று. தொகைநிலைத் தொடரைப் பற்றி நமது இலக்கணகாரர் இவ்வளவு விரிவாக ஆராய்ந்தது இதனாலேயே.

‘மட்குடம்’, ‘தயிர்க்குடம்’ என்ற இரண்டையும் நோக்குக. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: ஒரு பொருட்பெயர், அதனை அடுத்துக் குடம். ஆனால் முன்னையது மண்ணாலாகிய குடம். பின்னையது தயிரை உடைய குடம். ஒன்றில் மூன்றாம் வேற்றுமையும் மற்றதில் இரண்டாம் வேற்றுமையும் பயனோடு தொக்கு நிற்கின்றன. ‘கூலிவேலை’ என்பதில் நான்காம் வேற்றுமை. மறைந்து நிற்பதை விரித்துக் காட்டும் பயிற்சியைப் பாடசாலையிலேயே நாம் பெறுகின்றோம். மனவரைபடத்திலோ ‘குடம்’ என்ற கணுவிலிருந்து ‘மண்’ என்பதற்கு ஒரு கோடும் ‘தயிர்’ என்பதற்கு ஒரு கோடும் செல்லும். இரண்டும் ஒரே கோடு. விரிக்கும்படி எவரும் கேட்பதில்லை.

இதனினும் கூரிய எடுத்துக்காட்டு ‘புலிகொல் யானை’ என்பது. புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? சொற்றொடர் அதனைக் கூறவில்லை. தொல்காப்பியர் இத்தகையவற்றைத் தடுமாறு தொழிற்பெயர் என வேறாக எடுத்துப் பேசுகின்றார். தொடர்ந்து வரும் சொல்லை நோக்கியே பொருள் தெளியவேண்டும் என்பது உரைகாரர் காட்டும் வழி. அந்த யானை ஓடுகின்றது என்றால் கொன்றது யானை. அந்த யானையின் கோடு கொண்டுவரப்பட்டது என்றால் இறந்தது யானை. முடிக்குஞ் சொல் வரும்வரை கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒருவரே.

எனது வரைபடம் முழுவதும் புலிகொல் யானைகளால் நிரம்பியிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ‘டொனமூர் — பகிஷ்கரிப்பு’. ‘தோட்டம் — குடியுரிமை’. ‘தரப்படுத்தல் — இளைஞர்’. ஒவ்வொன்றிலும் ஒரு கொலை நிகழ்ந்திருக்கின்றது. எது எதனைக் கொன்றது என்பது கூறப்படவில்லை. குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை ‘தோட்டம்’ என்ற கணுவின் பிள்ளையாக வரைந்துவிட்டால், பறித்தது யார், பறிகொடுத்தது யார், அதற்கு வாக்களித்தது யார், எதிர்த்தது யார் என்ற வினாக்கள் யாவும் ஒரு வளைகோட்டில் ஒளித்துக்கொள்கின்றன. எழுவாயும் பயனிலையும் இல்லாத வரலாறு எவருக்கும் இடைஞ்சல் தராத வரலாறாகும். சமூக விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இது சிறிய குறைபாடன்று.

தொல்காப்பியமும் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல் என இருபத்தேழு இயல்களாகக் கிளைத்த நூல்தானே, நமது மரபும் பகுப்பையே போற்றியதன்றோ என ஒருவர் வாதிடலாம். உண்மை. ஆனால் அக்கிளைகளின் நுனியில் இருப்பவை தனிச்சொற்களல்ல, சூத்திரங்கள். அஃதாவது வினைமுடிபு கொண்ட கூற்றுகள். அச்சூத்திரங்களையும் நம் முன்னோர் தனியே விடவில்லை. காண்டிகையுரை இன்னவாறு அமையவேண்டும் என்று நன்னூல் வகுக்கும்போது, கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவையும் விடையையும் சேர்த்துக்கொள்கின்றது. நமது வரைபடங்களிற் கருத்து உண்டு; சிலவேளை எடுத்துக்காட்டும் உண்டு. வினாவும் விடையும் இல்லை.

5

இக்குறைபாடு கணனியோடு தோன்றியதுமன்று. பதினாறாம் நூற்றாண்டிலே பாரிசில் ஆசிரியராக விளங்கிய பெத்துருஸ் றாமுஸ் என்பார் (1515–1572) அறிவுத்துறைகள் யாவற்றையும் இரண்டிரண்டாகப் பிரித்து அடைப்புக்குறி அட்டவணைகளாக்கிக் கற்பிக்கும் முறையைப் பரப்பினார். அச்சு இயந்திரம் அவ்வட்டவணைகளை ஐரோப்பியப் பாடசாலைகள் எங்கும் கொண்டுசென்றது. வோல்ரர் ஒங் 1958இல் வெளியிட்ட தமது நூலிலே இம்முறையை ஆராய்ந்து, அதனோடு சேர்ந்து உரையாடல் நலிவுற்றதை எடுத்துக்காட்டினார். வினாவி மறுத்துத் தெளியும் கலையாக இருந்த தருக்கம், தாளிலே இடம்பிரித்து வைக்கும் கலையாக மாறிற்று. நமது காலத்து மென்பொருள் அதே அட்டவணையை வளைத்து, நிறமூட்டி, நடுவிலிருந்து தொடங்குகின்றது.

மனவரைபடம் என்ற பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்தின் ரொனி பூசான் (1942–2019). 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரொன்றின் மூலமும் அதனோடு வெளிவந்த நூலின் மூலமும் இம்முறை பிரசித்தமாயிற்று. ஒரு கோட்டுக்கு ஒரு சொல்லே எழுதவேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. இவ்விதி ஆங்கிலத்திலேயே விவாதத்துக்குரியது. தமிழில் அது பெருந்தீங்கு. நமது மொழியிலே சொல்லுக்கும் சொல்லுக்குமுள்ள உறவைத் தாங்கி நிற்பன பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் ஒட்டும் உருபுகளும் எச்சங்களும் இடைச்சொற்களுமாம். ‘மன்னனால்’, ‘மன்னனுக்கு’, ‘மன்னனிடமிருந்து’ என்பவற்றை ஒரு முதன்மைச் சொல்லாகச் சுருக்கினால் எஞ்சுவது ‘மன்னன்’. வரி கொடுத்தவன், வரி வாங்கியவன் என்ற வேறுபாடு அச்சுருக்கத்திலே வெட்டி எறியப்படுகின்றது.

மனம் இயல்பாகவே நடுவிலிருந்து கதிர்போலப் பரவிச் சிந்திக்கின்றது, ஆதலால் கதிர்போன்ற படமே மனத்துக்கு இசைவானது என்பது இம்முறையை ஆதரிப்போர் கூறும் தத்துவம். மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது உண்மையே. ஆனால் மனம் இயல்பாகத் தாவும் வழியே அதனை விட்டுவிடுவதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? தாவியது சரியா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தையன்றோ இங்கு கற்க வந்துள்ளோம்.

6

எதிர்த்தரப்பினரின் நியாயங்களை மறைத்து எழுதுதல் நான் கண்டிக்கும் மடித்தலையே நானும் செய்ததாகும். ஆகவே அவற்றையும் நோக்குவோம்.

முதலாவது, நினைவாற்றல். மருத்துவ மாணவர் ஐம்பதின்மரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த ஆய்வொன்று, மனவரைபட முறையைக் கையாண்டோர் ஒரு வாரத்தின் பின் உரைப்பகுதியொன்றின் தகவல்களை மற்றையோரிலும் கூடுதலாக நினைவுகூர்ந்ததைக் காட்டிற்று. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சோதிக்கப்பட்டது தகவல் நினைவு. உடற்கூற்றின் பெயர்களை மனனஞ் செய்வதற்கு இம்முறை உதவுமாயின் மருத்துவ மாணவர் தாராளமாக அதனைக் கைக்கொள்க. பகிஷ்கரிப்புக்குக் காரணம் யாது என்று வாதிடும் ஆற்றல் அச்சோதனையில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, புரிதல். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ப்பிக், பிளண்ட் என்னும் இருவர் 2011இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஒரு சாரார் பாடநூற் பகுதியை முன்னால் வைத்துக்கொண்டு அதனை எண்ணக்கருப் படமாக வரைந்தனர். மற்றொரு சாரார் அப்பகுதியை வாசித்தபின் மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதினர், மீண்டும் வாசித்தனர், மீண்டும் எழுதினர். ஒரு வாரத்தின் பின் நடந்த சோதனையில் மூடிவைத்து எழுதியோரே மேம்பட்டு நின்றனர். தகவல் வினாக்களில் மட்டுமன்றி அனுமானித்து விடை கூறவேண்டிய வினாக்களிலும் அவ்வாறே. வியப்பு யாதெனில், இறுதிச் சோதனையே எண்ணக்கருப் படம் வரைவதாக அமைந்தபோதும் அவர்களே மேம்பட்டனர் என்பது. நூலைத் திறந்துவைத்துப் படம் வரையும்போது கை உழைக்கின்றது, சிந்தனை ஓய்வெடுக்கின்றது.

மூன்றாவது, பரந்த விடயமொன்றை ஒரே பார்வையிற் காணும் வசதி. இது ஓரளவு உண்மை. கட்டுரை எழுதத் தொடங்குமுன் சிதறிக் கிடக்கும் எண்ணங்களைக் கொட்டி வைப்பதற்கும், நீண்ட உரைநடையை வாசிப்பதிற் சிரமமுடைய மாணவர்க்கும் இக்கருவி உதவுகின்றது. அவ்வுதவியை எவரும் பறிக்க வேண்டியதில்லை. ஆயினும் கொட்டி வைத்த எண்ணங்கள் சமைத்த உணவாகா. நம்மிற் பலர் கைத்தொலைபேசியிலேயே இக்கோப்புகளைத் திறக்கின்றோம் என்பதும் மனங்கொளத்தக்கது. உள்ளங்கை அளவு திரையிலே தெரிவது முழு வரைபடமன்று, அதன் ஒரு மூலை. ‘ஒரே பார்வை’ என்ற வாக்குறுதி அங்கேயே பொய்த்துவிடுகின்றது.

7

இவ்வளவும் கூறியபின், மாற்று வழி ஒன்று உண்டா என்ற வினா எழுகின்றது. உண்டு, அதுவும் மென்பொருளாகவே உண்டு.

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பாரும் அவருடைய குழுவினரும் 1972இல், சிறுவரின் விஞ்ஞான அறிவு எவ்வாறு வளர்கின்றது என்பதை ஆராயுங்கால், எண்ணக்கருப் படம் என்ற முறையை உருவாக்கினர். மேற்கூறிய பேர்டியூ ஆய்வில் மாணவர் வரைந்தவை இவ்வகைப் படங்களே. தோற்றத்தில் இதுவும் கணுக்களும் கோடுகளுமே. ஆனால் இதில் ஒரு கண்டிப்பு உண்டு: ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைக்கும் சொல் எழுதப்பட வேண்டும். கணு, கோட்டுச் சொல், கணு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு கூற்றாக வாசிக்கத்தக்கனவாய் அமையவேண்டும். புளோறிடாவிலுள்ள ஆய்வு நிறுவனமொன்று இம்முறைக்கென ஆக்கிய சி-மப் ரூல்ஸ் என்ற மென்பொருளிலே, ஒரு கணுவிலிருந்து கோட்டை இழுத்ததும் அதன் நடுவே நான்கு வினாக்குறிகள் கொண்ட பெட்டியொன்று தோன்றும். இணைக்குஞ் சொல்லை எழுதும்வரை அவ்வினாக்குறிகள் அங்கேயே நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனது சிவப்புக் கோட்டின் மேல் வைக்கப்பட்ட விரல் அவ்வினாக்குறிகளையே எனக்கு நினைவூட்டுகின்றது. இரண்டும் கேட்பது ஒன்றையே. அவ்வாறாயின் பொறுப்பு கருவிக்கும் உண்டு என்ற எனது கூற்று நிறுவப்பட்டதாகின்றது. கேள்வி கேட்கும் கருவியை ஆக்க முடியும். கேளாத கருவிகளே நம்மிடையே பரவியுள்ளன. கேளாமையே அவற்றின் கவர்ச்சி. ஆனால் பேர்டியூ ஆய்வு கற்பிப்பது போல, கேள்வி கேட்கும் கருவியும் நூலைத் திறந்துவைத்துக்கொண்டு வரைபவருக்குப் பெரிதாக உதவப்போவதில்லை.

8

இது ஏன் நமக்கு இவ்வளவு எளிதிற் கவர்ச்சியாயிற்று என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். நம்மிற் பெரும்பாலானோர் க.பொ.த. உயர்தரப் பரீட்சையைத் தனியார் கல்வி நிலையங்களின் குறிப்புகளைக் கொண்டே கடந்து வந்தோம். நூலைவிடக் குறிப்பு முக்கியம், குறிப்பைவிடக் குறிப்பின் சுருக்கம் முக்கியம், சுருக்கத்தைவிட ‘வரும் கேள்வி’ முக்கியம் என்ற படிமுறையில் வளர்ந்த நாம், பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அதே சுருக்கத்தை வண்ணத்தோடு வரையக் கற்றுக்கொண்டோம். வரைபடக் கோப்பு நவீன உடை உடுத்திய ரியூசன் குறிப்பேயன்றி வேறன்று. நாங்கள் வரைந்த அக்கோப்பு எங்களுக்குப் பின்வந்த அணியினரிடமும் சென்றது. அவர்களுட் சிலர் அப்பாடத்துக்குரிய நூல் எதனையும் புரட்டாமலே அதனை மனனஞ் செய்தனர் என அறிந்தபோது நான் வெட்கமடைந்தேன். எமது தவறு நிறமும் கிளையும் மாறாமல் மரபுரிமையாகிவிட்டது.

இன்று நிலைமை மேலும் மோசமாகின்றது. கட்டுரையொன்றை உள்ளே இட்டதும் அதனை மனவரைபடமாகத் தாமே வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. முன்னர் கையாவது உழைத்தது. இனி அதுவும் இல்லை. எவரும் வாசியாத நூலுக்கு எவரும் வரையாத படம், எவரும் கூறாத தொடர்புகளோடு நமது திரையில் விரியும். இதனை அறிவின் சனநாயகமயமாக்கம் என்று சிலர் வரவேற்கின்றனர். நூலகம் எரிந்ததை அறிந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், நிற்கும் நூலகத்தையும் திறக்காமலே பட்டதாரிகளாவதைச் சனநாயகம் என்று நான் அழைக்க மாட்டேன்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். சக மாணவர்க்கு: வரைபடம் வரைய விரும்பினால் நூலை மூடிவைத்து வரையுங்கள், ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள். தமிழ்ச் சங்கம் போன்ற மாணவர் அமைப்புகளுக்கு: படிப்பு வட்டங்களிற் கோப்புகளைப் பகிர்வதை விடுத்து, ஒருவர் எழுதிய ஒரு பக்க வாதத்தை ஏனையோர் மறுத்துப் பேசும் வழக்கத்தை மீண்டும் தொடங்குங்கள். விரிவுரையாளர்களுக்கு: ஒப்படையாக வரைபடம் சமர்ப்பிக்கப்படுமாயின், அதன் ஏதாவதொரு கோட்டின் மேல் விரலை வைத்துக் கேளுங்கள். எங்களைக் கேட்டது போலவே கேளுங்கள். அன்றைய மௌனம் எனக்கு ஒரு தவணை முழுதும் நடந்த விரிவுரைகளிலும் அதிகம் கற்பித்தது.

அடுத்த பரீட்சைக்கு முன்னர் எவரேனும் ஒருவர் ஒரு வரைபடத்தை உங்களுக்கு அனுப்புவார். அதனை அழித்துவிட வேண்டாம். திறந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதிலுள்ள கோடுகளை ஒவ்வொன்றாக முழு வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கோடுகளை அடையாளமிட்டுக் கொண்டு நூலகத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் படிக்கவேண்டிய பாடம் அவ்வடையாளங்களிலேயே இருக்கின்றது.